பாஞ்சிலாவில் அரசனைப் பிடிக்கும் நாள்

ஓர் அரசரின் கடைக்குட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. வெளியே போனால் இளவரசர் பெண்டாட்டி, வழிவிடுங்கள் என்பார்கள். வீட்டுக்குள் வந்தால் சேப்பங்கிழங்கு இடிக்க ஒரு கை துணைக்குக் கிடையாது. என் வீட்டுக்காரன் செபாசே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் அவன் பாஞ்சிலா அரசருக்குக் காலும் வாயும்.

அரசருக்குக் கால் வீங்கி, அரண்மனை வாசலைத் தாண்ட முடியாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. மூத்த பிள்ளைகள் ஊர் ஊராகப் போய் வியாபாரம் பார்க்கிறார்கள். கூப்பிட்ட குரலுக்கு உள்ளூரில் கிடைக்கிறவன் என் ஆள்தானே. புதுப் பாலம் திறக்க வேண்டுமா, செபாசே. கால்பந்துக் கோப்பை கொடுக்க வேண்டுமா, செபாசே. துக்க வீட்டில் அரசர் சார்பாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமா, அதற்கும் செபாசேதான். அரசரின் குதிரைவால் கவரியை ஒரு பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிடுவான். போன இடத்தில் கோழி கொடுப்பார்கள், சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் மாட்டச் சுவர் போதவில்லை, அவ்வளவு கடிகாரம். ஒன்றாவது ஒழுங்காக மணி காட்டினால் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் அவனைப் பார்த்தால் சிரிப்பும் பிரியமும்தான். அண்ணன்மாரில் மூத்தவன் கென்ஃபாக் மட்டும் சிரிக்கும்போதும் கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பான். அவனுக்குத் துவாலாப் பட்டணத்தில் லாரி உதிரிபாகக் கடை. அப்பா படுத்ததிலிருந்து மாதத்தில் பாதி நாள் இங்கேதான் காரை நிறுத்தியிருந்தான்.

"என்ன வாத்தியாரே, இன்னைக்கு எந்தப் பாலத்தைத் திறந்த?" என்று ஒரு நாள் கேட்டான்.

"பாலம் இல்லண்ணே, கக்கூஸ். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்."

"அரசர் வீட்டு ஆளு திறந்து வைக்காம ஊர்ல ஒருத்தனும் உள்ள போக முடியாது போல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். செபாசேவும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கென்ஃபாக்குக்கு நான் ஊற்றிக் கொடுத்த கள்ளை, முன்னோருக்கு என்று சொல்லி முழுக் கோப்பையும் தரையில் சாய்த்தான் அவன். முன்னோருக்கு நாலு சொட்டுப் போதும். மிச்சத்தைக் குடிக்காதவன் என்னை என்னவென்று நினைத்திருக்கிறான் என்பது எனக்குப் புரியாமலா போகும்.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. பாஞ்சிலாவில் மூத்தவனுக்குத்தான் பட்டம் என்ற பேச்சே கிடையாது. இருக்கிற பிள்ளைகளில் எவன் என்று அரசர் உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்து, ஒன்பதின்மர் காதில் மட்டும் போட்டுவைப்பார். ஒன்பதின்மர் என்றால் அரசரை ஆக்கவும் அடக்கவும் உரிமை உள்ள ஒன்பது பெரிய மனிதர்கள். அரசர் போன பிறகு பிள்ளைகள் அத்தனை பேரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஒன்பதின்மரில் ஒருவர் வந்து எவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாரோ அவன்தான் அடுத்த அரசன். அந்த நிமிடம் வரை அவனுக்கே தெரியக் கூடாது. தெரிந்து, அது வெளியே கசிந்தால், கூடப் பிறந்தவர்களே சோற்றில் விஷம் வைத்து அவனை முடித்துவிடுவார்கள் என்பது பழைய பயம். இன்னொன்றும் உண்டு. பிடிபட்டவன் அழ வேண்டும், கையை உதற வேண்டும், ஓடப் பார்க்க வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு கூடப் போகிறவனை, அப்பனைத் தின்றுவிட்டு நாற்காலிக்குக் காத்திருந்தவன் என்று ஊர் பேசும்.

இப்படி ஒரு வழக்கம் இருந்தால் வீடு எப்படி இருக்கும்? அண்ணன் தம்பி ஒருவன் வீட்டில் ஒருவன் தண்ணீர் குடிக்க மாட்டான். அரசர் ஒரு பிள்ளையைத் திட்டினால், ஓகோ இவனைத்தான் மறைக்கிறார் என்பார்கள். இன்னொருவனைக் கொஞ்சினால், இவனை முன்னால் நிறுத்திப் பின்னால் எவனையோ ஒளிக்கிறார் என்பார்கள். செபாசேவை ஊர் ஊராக அனுப்புகிறாரே, அதனாலேயே அவன் இல்லை என்று ஊர் தீர்மானம் செய்து வைத்திருந்தது. வேட்டைக்காரன் குழியை இலை போட்டு மூடுவான், கொடி நட்டுக் காட்டுவானா?

எனக்கும் அந்தத் தீர்மானம்தான் நிம்மதி. ஏன் என்று சொல்கிறேன். என் ஆளைப் பிடித்துவிட்டால், ஒன்பது வாரம் தனி வீட்டில் அடைப்பார்கள். அங்கேயே புதுப் பெண்களைக் கொடுப்பார்கள், அதில் ஒருத்தியாவது கர்ப்பம் தரிக்க வேண்டும். வெளியே வந்தால் அப்பன் விட்டுப்போன மனைவிமார் எல்லாரும், பெற்ற தாயைத் தவிர, அவன் பொறுப்பு. அரண்மனைக்குப் போகும் சரிவில் இரண்டு பக்கமும் அவர்கள் வீடுகள்தான். அந்த வரிசையில் நானும் ஒருத்தி. முறை வரும்போது அவனைப் பார்க்கலாம். பேசும்போது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேச வேண்டும். இன்றைக்கு நான் அவனை நீ வா போ என்கிறேன், கோபம் வந்தால் கரண்டியை வீசுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது யார் குறை என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அரண்மனையில் கேட்பார்கள். எனக்கு என் புருஷன் வேண்டும், முழுசாக வேண்டும். பங்கு போட எனக்கு மனசு வராது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அறுவடை விருந்தில்தான் என் நிம்மதி கெட்டது. அரசரைத் தூக்கி வந்து சிறுத்தைத் தோல்மேல் உட்கார்த்தினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து கை தட்டி வணங்கினார்கள். செபாசே குனிந்தபோது அரசர் தன் கொம்புக் கோப்பையை எடுத்து, அவன் குவித்த கையில் கள்ளை ஊற்றினார். கை நிரம்பி வழிந்தும் நிறுத்தவில்லை. அவன் உறிஞ்சிக் குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு பிள்ளைக்கும் அவர் செய்து யாரும் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்ற பெண்கள் என் முதுகைத் தட்டினார்கள். இவ்வளவு வெளிச்சம் போட்டுக் காட்டுகிறாரே, உன் ஆள் இல்லவே இல்லை, நிம்மதியாகத் தூங்கு என்றாள் ஒருத்தி. எல்லாரும் அப்படி நினைக்கட்டும் என்றுதான் காட்டுகிறாரோ என்னவோ என்றாள் இன்னொருத்தி. முதலில் சொன்னவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும்தான். அன்றிலிருந்து எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகம்.

அடுத்த வாரம் கென்ஃபாக் பெண்டாட்டி, எப்போதும் இல்லாத திருநாளாக, இடித்த சேப்பங்கிழங்கும் மஞ்சள் குழம்பும் மூடி போட்டு அனுப்பினாள். செபாசே பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன் அத்தனையையும் நாய்க்குப் போட்டேன். நாய் தின்றது, நக்கியது, வெயிலில் போய்க் கால் நீட்டிப் படுத்தது. போயிற்று, செத்துவிட்டது என்றே நினைத்தேன். கழியால் குத்திப் பார்த்தேன். உறுமிவிட்டுத் திரும்பிப் படுத்தது. செபாசே வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமே, அண்ணி கைக்குழம்பு நன்றாக இருக்கும் என்றான்.

இந்தக் கூத்தில் எதிலும் சேராதவன் ஒருவன் இருந்தான். தியோமா, செபாசேவுக்கு இரண்டு வயது மூத்தவன், வேறு தாய்க்குப் பிறந்தவன். மலைச்சரிவில் பன்றி வளர்க்கிறான். யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் தின்பான். ஒருவன் குடிக்காமல் வைத்த கள்ளையும் எடுத்துக் குடிப்பான். அவனிடம் பன்றி வாடை அடிக்கும் என்பதால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவனை நான் ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை.

மழை விட்டு, காப்பிச் செடி பூத்த சமயத்தில் அரசர் காணாமல் போனார். எங்களுக்கு அரசர் சாகமாட்டார், காணாமல் போவார். அரண்மனை முரசு அடித்தது. அன்றைக்கு மட்டும் எல்லாரும் அடுப்பை அணைத்தார்கள். பிடிக்கும் நாள் எட்டாம் நாள் என்று ஒன்பதின்மர் சொல்லி அனுப்பினார்கள்.

செபாசே அழுதான். அது உண்மையான அழுகை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அழுது முடித்த பிறகு அவன் வேறு ஆளாக இருந்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கை கொடுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தான். எங்கள் ஊரில் கை கொடுக்காத மனிதர் ஒருவர்தான், அவர் சிறுத்தைத் தோல்மேல் உட்காருகிறவர். கை என்ன ஆயிற்று என்று கேட்டேன். சுளுக்கு என்றான். அதே கையால் மோட்டார் சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்தான், நான் பார்த்தேன்.

அதோடு விட்டானா? முன்பெல்லாம் அடுப்படியில் வந்து கிழங்கை உரித்துக்கொண்டே ஊர் வம்பு பேசுகிறவன், நாற்காலியில் நிமிர்ந்து இரண்டு முழங்கால்மேலும் உள்ளங்கையை விரித்து வைத்து, அரசர் மாதிரி உட்கார்ந்திருந்தான். என்ன கோலம் இது என்றேன். முதுகு வலி, இப்படி உட்கார்ந்தால் தேவலை என்றான். சரி, முதுகு வலி இருக்கட்டும். சாயங்காலம் ஆனால் மூசாவுக்குத் தீவனம் வாங்கப் போகிறேன், அங்கே போகிறேன், இங்கே போகிறேன் என்று கிளம்புகிறானே, அது எங்கே? மூசா என்பது எங்கள் ஆட்டுக் கிடா. அதற்குத் தீவனம் கொல்லையிலேயே மண்டிக் கிடக்கிறது.

ஒரு சாயங்காலம் பின்னாலேயே போனேன். நேராக தாமோ வீட்டுக்குப் போனான். தாமோ ஒன்பதின்மரில் மூத்தவர், பிடிக்கும் நாளில் கை வைக்கப்போகிறவர் அவர்தான் என்று ஊருக்கே தெரியும். வாழை மறைவில் நின்று பார்த்தேன். இவன் முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தாமோ கோலாக் கொட்டையை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவன் எழுந்து வணங்கிவிட்டு வந்துவிட்டான்.

பேச வேண்டியதைப் பேசி முடித்தவர்கள்தான் இப்படிப் பேசாமல் உட்காருவார்கள் என்று நினைத்தேன். இவனிடம் சொல்லிவிட்டார்கள். இவனும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டான். பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை. எல்லாம் கோவையாகப் பொருந்தியது. வழியும் கள், கை கொடுக்காதது, முழங்கால்மேல் உள்ளங்கை. பாவி மனுஷன், என்னை விட்டுப் போகப்போவது தெரிந்தே என் கையால் வாங்கிச் சாப்பிடுகிறானே என்று அழுகை முட்டியது.

மறுநாள் சந்தையில் தாமோவைப் பார்த்தேன். துணிந்து போய், என் வீட்டுக்காரர் உங்களிடம் என்ன பேசுகிறார் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் புருஷன் எங்கிட்ட எதுவும் பேசுறதில்ல, பொண்ணே. வர்றான், உட்கார்றான், போறான்" என்றார். பொய் சொல்கிறார் கிழவர் என்று அடித்துச் சொல்லியிருப்பேன் அப்போது. ஒன்பதின்மர் வாயிலிருந்து உண்மை வந்து யார் கேட்டிருக்கிறார்கள்?

இனி ஒரு வழிதான் இருந்தது. பிடிபடப் பயந்த இளவரசர்கள் ஊரை விட்டு ஓடுவது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. பக்கத்து நாட்டு அரசன் ஒருவனை லீப்ரவில் பட்டணத்துத் தையல் கடையிலிருந்து பிடித்து இழுத்து வந்தார்கள் என்பார்கள். என் கூடப் பிறந்தவன் முட்டைக்கோஸ் லாரி ஓட்டுகிறான். அவனிடம் பேசி முடித்துவிட்டு, பிடிக்கும் நாளுக்கு முந்தின மத்தியானம், சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தேன்.

"எங்கண்ணன் லாரி இன்னும் கொஞ்ச நேரத்துல துவாலாவுக்குக் கிளம்புது. மூட்டைக்கு நடுவுல படுத்துக்கோ. நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் திரும்பி வா."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "வரிசையில வந்து நிக்காம ஓடினா, அப்பனைக் கொன்னவன்ம்பாங்க."

"சொல்லட்டும். சொல்றவன் வந்து நமக்கு உலை வைக்கிறானா?"

"உனக்கு எதுக்கு இந்தப் பயம்? என்னைப் போய் யாரு பிடிக்கப் போறாங்க? நான் கக்கூஸ் திறக்கிற ஆளு. எனக்கு வேண்டவே வேண்டாம் அந்தத் தொல்லை. எத்தனை தடவை சொல்றது?"

"பிடிச்சுட்டா?"

"பிடிச்சுட்டா நான் என்ன பண்ண முடியும், சொல்லு. உதறினாலும் விடமாட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். நீ போனால் என் கதி என்ன என்று வாய்விட்டே கேட்டேன். அவன் என் தலையைத் தடவி, பைத்தியம், நான் எங்கே போகப்போகிறேன் என்றான். லாரி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. இவன் எழுந்திருக்கவில்லை. என் அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டு முட்டைக்கோஸோடு போய்விட்டான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அரண்மனை மைதானம் நிறைந்துவிட்டது. மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். பெண்களுக்கு இடது பக்கம். நான் முட்டி மோதி முன்வரிசைக்குப் போனேன். இளவரசர்கள் மேல்சட்டை இல்லாமல், இடுப்பில் கறுப்புத் துணியோடு வரிசையாக நின்றார்கள். கென்ஃபாக் முதல் ஆளாக நின்றான். வியர்வை அவன் தொப்பைமேல் ஓடியது. வயது வரிசை எதுவும் இல்லை, வந்தவர்கள் வந்த இடத்தில் நின்றார்கள். தியோமா கடைசியாக ஓடிவந்தான். தாய்ப்பன்றி குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் முடியுமா என்று காவலனிடம் கேட்டான். சிரிப்பு எழுந்து அடங்கியது. செபாசேவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே போய் நின்றான்.

முரசு நின்றது. ஒன்பதின்மர் வந்தார்கள். தாமோ முன்னால், மற்றவர்கள் பின்னால். வரிசையின் ஒரு முனையிலிருந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு மெல்ல நடந்தார். கென்ஃபாக்கைத் தாண்டினார். கென்ஃபாக் அடக்கி வைத்த மூச்சை விட்டது எனக்கே கேட்டது. அடுத்தவன், அதற்கடுத்தவன். செபாசேவுக்கு முன்னால் வந்து நின்றார்.

கடவுளே, தாண்டு, தாண்டு என்று மனசுக்குள் கத்தினேன். தாமோ வலது கையைத் தூக்கினார்.

"ஐயோ நான் இல்ல! விடுங்க! எனக்கு வேண்டாம்!" என்று செபாசே அலறினான். வலது கையை வெடுக்கென்று இழுத்து உதறினான். முழங்கால் தேய மண்ணில் விழுந்து, தலையை ஆட்டி ஆட்டி அழுதான். என்னை விட்டுவிடுங்கள், வேறு யாரையாவது பாருங்கள் என்று கதறினான். பிடிபட்டவன் எப்படி அழ வேண்டுமோ அப்படியே அழுதான், ஒரு குறை சொல்ல முடியாது.

அவன் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

தாமோவின் கை அவனைத் தாண்டிப் பக்கத்தில் போயிருந்தது. தியோமாவின் மணிக்கட்டு அந்தப் பிடியில் இருந்தது. தியோமா அந்தக் கையைக் குனிந்து பார்த்தான். பிறகு நிதானமாக, "ஆள் மாறிப்போச்சு மாமா" என்றான். தாமோ பிடியை இறுக்கினார். அப்போதுதான் தியோமாவுக்கு உறைத்தது. அவன் கத்தவில்லை, அழவில்லை. தாமோவைத் தள்ளிவிட்டு ஓடினான். சொல்லிக் கொடுத்து ஓடுகிற ஓட்டமாக அது தெரியவில்லை, உயிருக்குப் பயந்த ஓட்டம். பெண்கள் பக்கம் புகுந்து, கூடைகளை மிதித்து, மலைச்சரிவைப் பார்த்து ஓடினான். இளவட்டங்கள் துரத்திப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அப்போதும் உதைத்துக்கொண்டே இருந்தான்.

இத்தனை நேரமும் என் வீட்டுக்காரன் மண்ணில் முழங்காலிட்டு, பிடிக்காத கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு அழுததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணைத் திறந்தான். முன்னால் யாரும் இல்லை. கூட்டம் முழுவதும் அவனையே பார்த்தது. எங்கோ மரத்தின் மேலிருந்து ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் சொல்ல வேண்டுமா.

அவனைத் தூக்கி நிறுத்த யாரும் வரவில்லை. நான் தயங்கித் தயங்கிக் கிட்டே போனேன். அதற்குள் கென்ஃபாக் வந்துவிட்டான். இத்தனை நாள் எவன் குழம்பில் விஷம் இருக்கும் என்று பயந்தேனோ அவன், தம்பியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். "எந்திரிடா. நானும்தான் ராத்திரியெல்லாம் அழுது பழகினேன்" என்று காதோடு சொன்னான். நான் பக்கத்தில் போயிருந்ததால் என் காதிலும் விழுந்தது.

வீட்டுக்கு வந்தோம். நியாயமாக என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்திருக்க வேண்டும். இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தாமோவின் கை தாண்டிப் போன அந்த ஒரு நொடி நான் குளிர்ந்துபோனேன். அதற்குள்ளேதான் அவன் கை உதறியது கண்ணில் பட்டுவிட்டது. அந்த உதறல் என்னை உலுக்கிக்கொண்டே இருந்தது. பிடிபடப் பயந்தவன் கல்லாகி நிற்பான், இல்லை தியோமா மாதிரி ஓடுவான். இப்படிச் சுத்தமாக, ஒரு சொல் பிசகாமல் அழுகிறவன் பல நாள் மனப்பாடம் செய்தவன். ஒருவரும் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தாமோ சந்தையில் சொன்னது அத்தனையும் உண்மை. இவனாகவேதான் போய், தன்னைப் பிடிக்கப்போகிற கைக்கு முன்னால் தினமும் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான்.

அடுப்படியில் அவனை உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து முழங்காலைத் துடைத்தேன். மண் சதையில் ஏறியிருந்தது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எப்போலேருந்து?" என்றேன்.

"சின்ன வயசுலேருந்து" என்றான். "எல்லாரும் நான் இல்லன்னு சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், அப்பா இவங்களை ஏமாத்துறார்னு நினைச்சுப்பேன். பாலத்தையும் கக்கூஸையும் திறக்கிறப்ப, நமக்குப் பழக்கிவிடுறார்னு நினைச்சுப்பேன்."

"எங்கிட்ட வேண்டாம் வேண்டாம்னியே."

"வேண்டாம்னு சொல்றவனைத்தானே பிடிப்பாங்க."

ஆத்திரம் வந்தது எனக்கு. அழுகையும் வந்தது. ஊரே அவனைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கும் நெஞ்சு எரிந்தது. யாரை நொந்துகொள்வது என்று தெரியவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். பக்கத்தில் படுத்திருக்கிற பெண்டாட்டியையாவது அறியுமா?

"அப்ப நான்?" என்று கேட்டேன். "என்னை என்ன பண்றதா இருந்த?"

அன்று முழுவதும் செத்துக் கிடந்த முகம் அப்போது கொஞ்சம் தெளிந்தது. என் பக்கம் திரும்பி, என் தோளில் கை வைத்தான்.

"உன்னை விட்ருவேனா? உனக்கு அங்க வீடே பார்த்து வச்சிருந்தேன். ஊத்துக்குப் பக்கத்துல, வலது கை வரிசையில மூணாவது வீடு. புதுத் தகரம் போட்டிருக்காங்க, ஒழுகாது. புகையும் உள்ள அடைக்காது. உனக்குப் பிடிக்கும்."

பிரியமாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. எத்தனை தடவை அந்தச் சரிவில் நடந்து, எனக்காக எந்தக் கூரையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான் என்று நினைத்துப் பார்த்தேன்.

"முதல் ரெண்டு வீடு யாருக்கு?" என்றேன்.

அவன் கை என் தோளிலிருந்து இறங்கியது. முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் துணியைப் பிழிந்து அவன் கையில் கொடுத்து, மீதியை நீயே துடைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.